தழும்பு சான்றிதழ் அல்ல

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கைவினைஞர்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு. பேசிய நண்பர் நல்ல வாசகர், எனக்குப் பிடித்தவரும்கூட. வீணை செய்யும் ஒரு முதியவரின் கையைப் பற்றி உருகி உருகிப் பேசினார். உள்ளங்கைக் காய்ப்பு, விரல்களில் உளி பட்ட கோடுகள், பாதி நகம் போய்விட்ட கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, "அந்தத் தழும்புகள்தான் அவருடைய சான்றிதழ்" என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கைதட்டவில்லை. என் இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. அவர் கணக்குப்படி நானும் சான்றிதழ் வாங்கியவன். அது எப்படி வந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன், அதனால் இன்னொருவன் என்ன ஆனான் என்று சொன்னால் அந்த அரங்கத்தில் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிரானது. கொஞ்சம் எனக்கே எதிரானது.

*

நான் இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவன். சென்னையில் ஒரு மொட்டைமாடி அறை, ஒரு மரமேஜை, ஒரு வைஸ். அவ்வளவுதான் பட்டறை. வருவதில் முக்கால்வாசி கிதார். மிச்சம் வீணை, வயலின், எப்போதாவது ஒரு மாண்டலின். தொழிலின் பாலபாடம் தஞ்சாவூரில் பெரியப்பாவிடம் படித்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் வீணை செய்தவர் அவர். பலாமரத்தை வாய்ச்சியால் செதுக்கி, உளியும் கொட்டாப்புளியும் வைத்துக் குடம் குடைந்து, தண்டி சேர்த்து, யாளி முகம் வைத்து, கடைசியில் கரி கலந்த மெழுகில் 24 மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைப்பார். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். அவர் மேளம் கட்டும்போது தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட முறைப்பார்.

அவருக்கு இருமல் உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உண்டு. பட்டறைத் தூசிதான் காரணமா, பீடியா, இரண்டுமா என்று நான் எப்படிச் சொல்வது? ஒருமுறை மரச்சில்லு தெறித்து வலது கண் ஒரு வாரம் சிவந்து கிடந்தது. "கண்ணுக்கு ஏதாச்சும் போட்டுக்கலாம்ல பெரியப்பா" என்றேன். "கண்ண மறைச்சா மரம் எப்படிறா தெரியும்?" என்றார். அந்த வாக்கியம் எனக்கு அப்போது ஒரு தத்துவம் மாதிரி இருந்தது. கல்லூரி நாட்களில் அதை ஒரு கவிதையில்கூட வைத்தேன். மோசமான கவிதை. ஆனால் எல்லோரும் அந்த வரியை மட்டும் பாராட்டினார்கள்.

*

இப்போது கருவிக்கு வருகிறேன். ரோட்டரி டூல் என்பார்கள். கடைத்தெருவில் கேட்டால் மினி கிரைண்டர். எங்கள் வட்டாரத்தில் எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும் அதன் பெயர் டிரெமல்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமல் என்பவர் 1932இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் இது. ஜெராக்ஸ் என்ற பெயருக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது.

கையில் அடங்கும் ஒரு மோட்டார், நுனியில் காலெட் என்ற சின்னக் கவ்வி. அதில் 3.2 மில்லிமீட்டர் காம்புள்ள ஒரு பிட்டைச் செருகி இறுக்கினால் வெட்டலாம், குடையலாம், தேய்க்கலாம், மெருகேற்றலாம். நிமிடத்துக்கு 5,000 சுற்றிலிருந்து 35,000 சுற்றுவரை ஓடும். கிதாரில் சேடில் உட்காரும் பள்ளத்தைத் திருத்த, முத்துச்சிப்பி பதிக்கக் குழி எடுக்க, மரத்துக்குள் முறிந்து நிற்கும் திருகாணியைச் சுற்றிக் குடைய, வெண்கல மெட்டின் முனையைக் குறைக்க இதைப்போல வசதியான ஒன்று கிடையாது. உளியால் அரைநாள் எடுக்கும் வேலை இருபது நிமிடத்தில் முடியும்.

அது ஆபத்தாகத் தெரியாது. அதுதான் அதன் பெரிய ஆபத்து. மரமறுக்கும் வட்ட ரம்பத்தைப் பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும், தானாகவே கை பின்னால் போகும். இதைப் பார்த்தால் பல் டாக்டர் கையில் இருக்கும் பொருள்போல, இன்னும் சொன்னால் பொம்மைபோல இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கட்டிங் வீலை நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓட்டுகிறீர்கள். அது நொடிக்கு 500 சுற்று. வீலின் சுற்றளவு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அப்படியானால் விளிம்பு நொடிக்கு 60 மீட்டர் போகிறது. மணிக்கு சுமார் 215 கிலோமீட்டர். 2003 உலகக்கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோமீட்டர். அந்தப் பந்தை எதிர்கொள்ள ஹெல்மெட், பேட், கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு 22 கெஜம் தள்ளி நிற்கிறார்கள். நாம் ஒரு ஜாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் குனிகிறோம். வீல் உடைந்தால் அந்த 215 கிலோமீட்டர் வேகத்தோடுதான் துண்டு கிளம்பும்.

எனக்குக் கிளம்பியது.

*

ஒரு கல்லூரி மாணவி தன் பாட்டியின் வீணையைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மெட்டுகளின் முனை நீட்டிக்கொண்டு விரலைக் கிழித்தது. கழற்றி எடுத்து, வைஸில் பிடித்து, அரத்தால் தேய்த்தால் ஒரு மணி நேர வேலை. அவசரம், அன்று சாயங்காலமே வேண்டும் என்றாள். மெட்டைக் கழற்றாமல் வீணையிலேயே வைத்து கட்டிங் வீலால் நறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு தவறு ஒரே நேரத்தில். முதல் தவறு, உலோகம் சூடானால் கீழே இருக்கும் மெழுகு இளகும். ஒரு மெட்டு இம்மி நகர்ந்தாலும் சுருதி போய்விடும். இரண்டாவது தவறு, அந்த மெல்லிய வீல் நேராக வெட்ட மட்டுமே ஆனது. பக்கவாட்டில் நெரித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் நான் கையைத் திருகினேன்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. புருவத்தில் யாரோ சுண்டிவிட்டதுபோல இருந்தது. அப்புறம் வெதுவெதுப்பாக ஏதோ கண்ணுக்குள் இறங்கியது. என் மூக்குக்கண்ணாடியின் சட்டத்தில் பட்டு மேலே போயிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கீழே என்றால் இந்தக் கட்டுரையை ஒற்றைக் கண்ணால் எழுதிக்கொண்டிருப்பேன். இன்னொரு துண்டு வீணையின் மேல்பலகையில் ஒரு நகக்குறி அளவுக்குப் பள்ளம் போட்டுவிட்டுச் சுவரில் அடித்தது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ரத்தம் வழிய வழிய வீணையை உற்றுப் பார்த்தேன். மேலே சொட்டிவிடக்கூடாது என்று துண்டைப் போட்டு மூடினேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிட்டு பெரியப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "வீணைக்கு ஒண்ணும் ஆகலியே?"

அதை நான் இரண்டு வருஷம் ஒரு கதையாகச் சொன்னேன். எவ்வளவு அழகான கதை பாருங்கள்! ரத்தம் சொட்டும்போதும் வாத்தியத்தை நினைத்த பழுதுபார்ப்பவன், வாத்தியத்தை முதலில் விசாரிக்கும் ஆசான். சின்னதாக ஒரு பதிவு எழுதினேன். நூற்றுக்கணக்கில் இதயம் விழுந்தது. "இதுதான்யா அர்ப்பணிப்பு" என்று ஒருவர் எழுதினார். என் பெரியப்பாவின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து என் அறையில் மூன்று நாள் இருந்து சமைத்துப் போட்டவர் அவர். ஆனால் அந்தப் பஸ்ஸையும் ரசத்தையும் நான் கதையில் சேர்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எது கைதட்டல் வாங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

*

அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவன் என்னிடம் வேலை கற்க வந்தான். பத்தொன்பது வயது. கிதார் நன்றாக வாசிப்பான். கையில் நிதானம் இருந்தது, காதில் சுத்தம் இருந்தது. நான்கு மாதத்தில் நட் செதுக்கக் கற்றுக்கொண்டான். மேஜையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கிடக்கும். அடிபட்ட பிறகு வாங்கியது. நானே பாதி நாள் போட மாட்டேன், அவன் போடவே மாட்டான். "போட்டுக்கடா" என்று சொன்னால் சிரிப்பான். ஒருநாள் சொன்னான்: "தழும்பு இல்லாம என்னண்ணே ஆசாரி?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு மதியம் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். ஒரு கிதாரிலிருந்து கழற்றிய ரோஸ்வுட் பிரிட்ஜ் மேஜையில் இருந்தது. அதில் பழைய சேடில் பள்ளத்தை அடைத்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். கிளாம்ப் போட்டு, கருவியை அதற்கான பீடத்தில் பொருத்தி, ஓரத்தில் ஒரு மரப்பட்டையை வழிகாட்டியாக வைத்துச் செய்கிற வேலை. அவன் அந்தச் சின்னத் துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் கருவியை ஓட்டியிருக்கிறான். நான் அப்படிச் செய்வதை அவன் பார்த்திருக்கிறான். பிட் சுழலும் திசையிலேயே கருவியைத் தள்ளினால் அது வெட்டாது, ஓடும். சக்கரம் மாதிரி மரத்தின்மேல் ஏறி ஓடும். ஓடிப்போய் அவனுடைய இடது ஆள்காட்டி விரல் நுனியில் நின்றது.

தையல் காய்ந்துவிட்டது. விரல் மடங்குகிறது. ஆனால் நுனியில் உணர்ச்சி பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. கிதார் வாசிப்பவனுக்கு இடது ஆள்காட்டி விரல் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தந்தியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் அழுத்துகிறான். சுருதி ஒரு முடி மேலே போய்விடுகிறது. அவனுக்கு அது கேட்கிறது. காது சரியாக இருப்பதுதான் கொடுமை.

அவன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கோபப்படவே இல்லை. "நீங்களும் இப்படி அடிபட்டுத்தான் கத்துக்கிட்டீங்களாமே தம்பி, அவன் சொல்லுவான்" என்றார். என் கதை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

*

இனி வாதங்களுக்கு வருவோம். இதையெல்லாம் நான் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்கள் மூன்று.

முதலாவது: "எங்க தாத்தா காலத்துல மாஸ்க்கா போட்டாங்க? நல்லாத்தானே இருந்தாங்க." இருந்த தாத்தாக்களைத்தான் நமக்குத் தெரியும். சீக்கிரமே போனவர்கள் நேர்காணல் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர், மரநாற்காலிகளுக்குப் பேர்போனது. அங்கே 1960களில் எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மிக அபூர்வமான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி தென்பட்டது. அந்தக் கவனிப்பிலிருந்து ஆய்வுகள் தொடங்கின. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருள் அல்ல. ஆபத்து உண்டு என்பதில் சந்தேகம் இல்லை என்று பொருள். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் நாற்காலி செய்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தாத்தாக்கள் இருந்தார்கள்.

உளி சுருளைத்தான் உதிர்க்கும். ரோட்டரி டூல் மாவாக அரைக்கும். கண்ணுக்குத் தெரியாத மாவு, மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். ரோஸ்வுட், கருங்காலி போன்ற மரங்களின் தூசி பலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும். தாத்தா உதாரணம் இங்கே பொருந்தவே பொருந்தாது. தாத்தாவிடம் இந்தக் கருவி இல்லை.

இரண்டாவது: "மெஷின் தொட்டாலே வாத்தியத்தின் ஆன்மா போயிடும். உளியோட இருந்தா இந்தப் பிரச்சனையே வராது." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உளி பிடித்ததில்லை. பெரியப்பாவின் தழும்புகள் எல்லாமே உளி போட்டவை. உளியும் வெட்டும். கருவி எதுவானாலும் வேகமும் கூர்மையும் இருந்தால் உடம்புக்கு ஒரு விலை உண்டு. ஆன்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. பள்ளம் நேராக இருக்கிறதா, சேடில் அசையாமல் உட்காருகிறதா, தந்தியின் அதிர்வு பலகைக்குப் போகிறதா என்று மட்டும் பார்க்கத் தெரியும். இதில் ஒரு விஷமம் வேறு இருக்கிறது. எந்திரத்தைத் தீட்டு என்று ஒதுக்கிவைத்தால் அதைச் சரியாகப் பயன்படுத்த யாரும் கற்றுத்தர மாட்டார்கள். பெரியப்பா எனக்கு உளியைத் தீட்ட ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தார். ரோட்டரி டூலுக்கு எனக்கு ஆசான் கிடையாது. திருட்டுத்தனமாகக் கற்றேன். திருட்டுத்தனமாகக் கற்றதை அரைகுறையாகவே அந்தப் பையனுக்கும் கொடுத்தேன்.

மூன்றாவது பதில்தான் இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் பிடித்தது: "வலியிலிருந்துதான் கலை." உடனே டோனி அயோமியை இழுப்பார்கள். பிளாக் சபாத் கிதார் கலைஞர். பர்மிங்ஹாமில் உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எந்திரத்தில் இழந்தார். இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், பிறகு தந்திகளைத் தளர்த்திக்கொண்டார். கனத்த, இருண்ட அந்த ஒலி பிறந்தது என்று கதை முடியும். ஆகா! விரல் போனதால் ஒரு இசைவகையே கிடைத்தது!

அவருடைய மனஉறுதிக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அன்று வழக்கமாக அந்த எந்திரத்தில் நிற்பவர் வராததால் பழக்கமில்லாத பையனை அங்கே நிறுத்தினார்கள் என்ற பகுதியைச் சொல்லும்போது ஏன் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள்? அதே மாதிரி விரல் போன எத்தனையோ பேர் கிதாரை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களைப் பற்றி யார் ஆல்பம் போடுவார்கள்? அயோமி காயத்தை மீறி வாசித்தார். காயம் வாசிக்கவில்லை. ஏகலைவன் கதையையும் நாம் இப்படித்தான் படிக்கிறோம். கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தவனைப் பாடுகிறோம். கேட்டவரைப் பாடாமல் விட்டாலும் பரவாயில்லை, அவர் பெயரில் விருது கொடுக்கிறோம்.

*

அடுத்து வருவது சலிப்பூட்டும் பகுதி. தாண்டிப் போகாதீர்கள். உங்களில் பலர் ஆன்லைனில் மலிவாக ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உகுலேலேயில் பூ செதுக்கும் ரீல்ஸ்களைப் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேரின் கண்ணில் ஒன்றும் இல்லை. காதில் மட்டும் இயர்போன் தொங்குகிறது.

கண்: பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பவர் கண்ணாடி போதாது. என்னைக் காப்பாற்றியது அதன் சட்டமும் என் அதிர்ஷ்டமும்.

மூச்சு: கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மிச்சம் இருந்தால் எடுங்கள். மூக்கின்மேல் கம்பியை அழுத்தி, ஓரம் இடைவெளி இல்லாமல் போட வேண்டும். துணி மாஸ்க் இந்தத் தூசிக்குச் சல்லடைதான். சிப்பியை வெட்டும்போதும் இதே விதி. ஃபேனைப் போட்டுக்கொண்டு செய்தால் தூசி அறை முழுக்கப் போகும். ஒரு வாக்குவம் குழாயைப் பக்கத்தில் கட்டி வையுங்கள். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

தொங்குவது எதுவும் கூடாது: துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்துத் துண்டு, இயர்போன் வயர், தொளதொள முழுக்கைச் சட்டை. பருத்திக் கையுறை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நூல் பிட்டில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்பவர்களுக்குச் சுவிட்ச் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது என்பது மறந்துவிடுகிறது. காம்பின் அளவுக்குச் சரியான காலெட்டைப் போடுங்கள். காம்பை வேண்டிய அளவு உள்ளே தள்ளி இறுக்கி, இழுத்துப் பாருங்கள். நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிட் வேகத்தில் வளைந்து சாட்டை மாதிரி அடிக்கும். ஒவ்வொரு பிட்டுக்கும் உச்சவேகம் உண்டு, உறையில் போட்டிருப்பார்கள். கம்பி பிரஷ்களுக்குப் பொதுவாக 15,000 சுற்றுதான் எல்லை. மீறினால் கம்பி ஒவ்வொன்றும் ஊசியாகப் பறக்கும். புது வீலைப் போட்டதும் முகத்தைவிட்டு விலக்கி ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். உடைவதாக இருந்தால் அப்போதே உடையட்டும். வீல் சுழலும் தளத்துக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

பொருளைக் கையில் பிடிக்காதீர்கள். சின்னப் பொருள் என்றால் வைஸ் அல்லது கிளாம்ப். வீணைக் குடம் மாதிரி உருண்டையாக இருந்தால் மணல் நிரப்பிய துணிமூட்டைமேல் பள்ளம் பறித்து உட்கார வையுங்கள், அசையாது. கருவிக்கு இரண்டு கை, அல்லது மணிக்கட்டாவது மேஜையில் ஊன்றியிருக்க வேண்டும்.

திசை: பிட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மேலிருந்து பார்த்தால் அது கடிகாரத் திசையில் சுற்றும். ஆகவே ஒரு துண்டின் வெளி விளிம்பைச் சீவும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், குழியின் உள்விளிம்பைச் சீவும்போது கடிகாரத் திசையிலும் நகருங்கள். அப்போது பிட் உங்கள் கையை எதிர்த்து நிற்கும், கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும். மாற்றித் தள்ளினால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

அழுத்தாதீர்கள். இந்தக் கருவிக்கு வேகம் உண்டு, பலம் கிடையாது. அழுத்தினால் மரம் கருகும், பிட் மழுங்கும், கை வழுக்கும். ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டராக இரண்டு மூன்று தடவையில் இறங்குங்கள். கோட்டை முதலில் கத்தியால் கீறிக்கொண்டால் ஓரம் சிதறாது. பிளாஸ்டிக் அலங்காரத்தைத் தொடும்போது வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் உருகி ஒட்டும். மிகப் பழைய கிதார்களின் ஓரப்பட்டியும் பிக்கார்டும் செல்லுலாய்டாக இருக்கக்கூடும். அது சுலபமாகத் தீப்பிடிக்கும். வீணையில் மெட்டைக் கழற்றாமல் மெட்டின்மேல் கை வைக்காதீர்கள். மேளம் கட்டியவரின் காது அந்த மெழுகில் இருக்கிறது.

கடைசியாக, களைப்பாக இருந்தால், அவசரமாக இருந்தால், யாராவது சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று நின்றால், அரத்தை எடுங்கள். அந்த வீணைக்கும் அதுதான் சரியான கருவியாக இருந்தது. எந்திரம் தெரிந்தவனுக்கு எந்திரத்தைக் கீழே வைக்கவும் தெரிய வேண்டும்.

*

"இதெல்லாம் உங்களுக்குச் சரி. கூலிக்குச் செய்யறவன் எங்க போவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவனுக்குக் கிளாம்ப் மாட்டும் ஐந்து நிமிடமும் காசுதான். மாஸ்க் போட்டால் வியர்க்கிறது, தஞ்சாவூர் மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் யாராலும் ஒரு மணி நேரம் தாங்க முடியாது. ஆகவே அவன் போடுவதில்லை. அதற்குப் பெயர் அர்ப்பணிப்பு அல்ல, கூலி பற்றாமை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். அது பெயரைப் பாதுகாக்கிறது. கண்ணையும் நுரையீரலையும் பாதுகாக்க வேறு ஏற்பாடு வேண்டும். தூசி உறிஞ்சும் குழாயும், நியாயமான கூலியும், வாங்குபவர் பொறுத்துக்கொள்ளும் ஒரு வாரமும்.

தழும்பைச் சான்றிதழ் என்று சொல்லும்போது நாம் செய்வது இதுதான்: கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதிலாக ஒரு உவமையைக் கொடுத்து அனுப்புகிறோம். உவமை மலிவு. ஒரு நல்ல பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படியொன்றும் விலை அதிகமில்லை. ஒரு கவிதைத் தொகுப்பின் விலைதான்.

என் அறையில் இப்போது ஒரு ஏற்பாடு. கருவியின் பிளக்கைப் பாதுகாப்புக் கண்ணாடியின் நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடியை எடுக்காமல் பிளக்கை மாட்ட முடியாது. அந்தப் பையன் செய்த யோசனை. ஆமாம், அவன் திரும்ப வந்தான். வாசிப்பது குறைந்துவிட்டது, வேலையில் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். அதையும் ஒரு ஆறுதல் கதையாக நான் சொல்லப்போவதில்லை. அவனுக்கு இரண்டும் இருந்திருக்க வேண்டும்.

பொங்கலுக்குப் பெரியப்பா வந்திருந்தார். மேஜையில் கிடந்த ஒரு குதிரையைப் பார்த்துவிட்டுக் கை துறுதுறுத்தது. கருவியை எடுக்கப் போனார். நாடா இழுத்தது. பையன் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை அவிழ்த்து நீட்டினான். அவனுடைய ஆள்காட்டி விரலைப் பெரியப்பா பார்த்தார். வாங்கி மாட்டிக்கொண்டார். குனிந்து, மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியத்தாண்டா செய்யுது" என்றார்.

அடுத்த முறை ஒரு கைவினைஞரைப் பற்றி எழுதப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையைப் படமெடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பட்டறைச் சுவரைப் பாருங்கள். கண்ணாடி தொங்குகிறதா? மாஸ்க் இருக்கிறதா? இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுதுங்கள்.